ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து செக்கிஞ்சானுக்கு: நாய் டிரெய்லரோடு சைக்கிள் முகாம்

நாயைக் கூட்டிக்கொண்டு நாள்கணக்கில் சைக்கிளில் போக நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது டிரெய்லரின், அதாவது சைக்கிளுக்குப் பின்னால் மாட்டும் நாய் வண்டியின், எடையைத்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நம் மலேசிய வெயிலில் நாய்க்கு நிழல் தரப்போவதே அந்த டிரெய்லர்தான். காற்று எத்தனை பக்கம் நுழைகிறது, தரை எவ்வளவு உறுதியாக இருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

ராணி எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்த நாட்டு நாய், 17 கிலோ. டிரெய்லருக்கு இரண்டு சக்கரம், 20 அங்குலம்; சைக்கிளின் பின் அச்சில் கொக்கி போட்டு மாட்ட வேண்டும். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துச் செம்மண் சாலைகளிலும், சபாக் பெர்ணம், சுங்கை பெசார், செக்கிஞ்சான் வழியாகக் கோலசிலாங்கூர் போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையிலும் சில வருடங்களாக இதை இழுத்துக்கொண்டு போகிறேன். மேடில்லாத பாதை, அதனால் இழுப்பது சிரமமில்லை. நிறுத்துவதுதான் சிரமம். நாய், தண்ணீர், கூடாரம் எல்லாம் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளும். நல்ல டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிளில் இதை மாட்ட வேண்டாம்.

டிரெய்லரின் சட்டகமும் மேல்துணியும் இன்னும் நன்றாக இருக்கின்றன. அடித்துணிதான் சீக்கிரம் தொய்ந்தது. ராணி ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார, வளைவில் வண்டியும் அந்தப் பக்கமே சாய்ந்தது. அளவாக வெட்டிய பிளைவுட் பலகையைப் போட்டு, மேலே ரப்பர் பாய் விரித்த பிறகுதான் அவள் கால் நீட்டிப் படுக்கிறாள். கொக்கியின் ஸ்பிரிங் கடற்காற்றில் துருப்பிடித்தது, மாற்றிவிட்டேன். கொக்கி கழன்றாலும் வண்டி ஓடிவிடாமல் பிடிக்கும் பட்டையைக் கட்டாமல் ஒரு நாளும் கிளம்பாதீர்கள். முன்பக்கப் பிளாஸ்டிக் மறைப்பு மஞ்சளாகிவிட்டது. அதை மழைக்கு மட்டும்தான் இறக்குவேன். வெயிலில் மூடினால் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் கூடிவிட்டால் அதுவும் சரியாக நடக்காது. அதனால் பயணத் திட்டமே நாயின் உடம்பைப் பார்த்துத்தான் போட வேண்டும். இங்கே விடிவதற்கு ஏழு மணி தாண்டிவிடும். விளக்குப் போட்டுக்கொண்டு ஆறு மணிக்கே கிளம்பி, பத்து மணிக்குள் நிழலில் ஒதுங்கிவிடுவேன். மறுபடி மாலை ஐந்துக்கு மேல்தான். நான் தனியாக ஒரே நாளில் போகும் செக்கிஞ்சானுக்கு ராணியோடு இரண்டு நாள் ஒதுக்குகிறேன்.

சும்மா படுத்திருக்கும் நாய்க்கே கிலோவுக்கு 50, 60 மில்லி தண்ணீர் வேண்டும். ராணியின் கணக்குக்கு ஒரு லிட்டர். பயணத்தில் இரண்டு லிட்டர் தனியாக வைக்கிறேன். எச்சில் கெட்டியாகி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் வெப்பம் தாக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வழியில் எந்தெந்த ஊரில் மருத்துவர் இருக்கிறார் என்பதைக் கிளம்பும் முன்பே குறித்துவைத்திருக்க வேண்டும்.

அப்புறம், தோட்டத்துக்குள் நாயை ஓடவிடும் ஆசை. மண் பாதை, மர நிழல், வண்டி வாகனம் குறைவு. எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஒரு தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் தண்டல் ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, நாய அவுத்து விட்டுடாதப்பா. மரத்தடியில எலி மருந்து போட்டிருக்கோம்." கூடவே வந்து காட்டினார். செம்பனை மரத்தடியில், உதிர்ந்த பழங்களுக்கு நடுவே சின்ன மெழுகுக் கட்டி. எலி குலையைத் தின்று நாசம் செய்கிறது என்பதால் வைப்பது. ஆந்தை தங்கக் கூட்டுப் பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்தும் தோட்டங்களும் உண்டு, ஆனால் வெளியிலிருந்து போகிற நமக்கு எது எங்கே என்று தெரியாது. இந்த மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்வது. தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். சில நாள் கழித்துத்தான் சோர்வும் ரத்தக்கசிவும் தெரியும். செத்த எலியைத் தின்றாலும் ஆபத்துதான். சந்தேகம் வந்தாலே மருத்துவரிடம் ஓடுங்கள், வைட்டமின் கே1 கொடுப்பார்கள். வெட்டிய மட்டைகளை அடுக்கிய வரிசைக்குள் பாம்பும் இருக்கும். தோட்டத்தில் ராணி இப்போது குட்டை வாரில்தான் நடக்கிறாள்.

இரவு தங்க, தோட்டமானால் ஜாகாவிடமோ (காவல்காரரிடமோ) அலுவலகத்திலோ அனுமதி கேட்பேன். கம்பத்து (மலாய்க் கிராமத்து) பக்கம் கூடுதல் கவனம் வேண்டும். நாயின் எச்சில் பட்டால் முஸ்லிம் அண்டை அயலார் சமய முறைப்படி கழுவ வேண்டியிருக்கும். அவர்களுக்கு அந்தச் சங்கடத்தை நாம் கொடுக்கக் கூடாது. சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) குழாயில் நாய்க்குத் தண்ணீர் பிடிக்க வேண்டாம், கூடாரத்தையும் தள்ளியே போடுங்கள். சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்வேன், கடைக்குள் நாயைக் கொண்டுபோவதில்லை.

படுக்கும் முன் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும். கொசு மூலம் இதயப்புழு பரவும், அதற்கு மாத மருந்து தவறக் கூடாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியது நினைவிருக்கும். வடக்கே போவதானால் தடுப்பூசி அட்டையையும் ஊராட்சி மன்ற லைசென்ஸையும் கையில் வைத்திருங்கள்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்தப் பயணம் வேண்டவே வேண்டாம். மற்ற நாய்களுக்கு, டிரெய்லரை ஓட்டாமல் சில வாரம் வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே பாய் போட்டு, சாப்பாட்டை அதிலேயே வையுங்கள். கூப்பிடாமலே ஏறிப் படுக்கிற அளவுக்குப் பழகிய பிறகு சைக்கிளில் மாட்டினால் போதும்.