தட்டை மூக்கா, உருண்டை மூக்கா?

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, எயார் ரைபிளில் அடி சிதறுது, குழல்தான் பழுதோ?" குழலைத் திட்டுறதுக்கு முதல் குண்டைப் பாருங்கள். ஈயக் குண்டின் பாவாடை (பின்பக்கம் விரிந்த வெற்றுப் பகுதி) விளிம்பு அவ்வளவு மெல்லியது, டப்பாவைக் கீழே போட்டாலே நெளிந்துவிடும். கண்ணாடி மேல் உருட்டினால் நெளிந்தது தள்ளாடும், அதை ஒதுக்குங்கள். சரி, குண்டின் மூக்கு தட்டையாகவும் வரும், உருண்டையாகவும் வரும், இரண்டில் எது?

10 மீற்றரில்: தட்டை மூக்குக் குண்டு இலக்கு அட்டையை வட்டமாக, சுத்தமாக வெட்டும். உருண்டை கிழித்துக்கொண்டு போகும், புள்ளி எண்ணச் சண்டைதான். பத்துப் புள்ளி தரும் நடுவே 0.5 மில்லிமீற்றர் பொட்டுத்தான்!

தூரத்தில்: தட்டை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், 25 மீற்றர் தாண்டினால் நம்ப முடியாது. உருண்டை நிதானமாகப் போகும், மலைக்காற்றிலும் தள்ளல் கொஞ்சம் குறைவு.

விலை: போட்டித் தரத் தட்டைக்குக் கை கடிக்கும். பயிற்சிக்கு மலிவானதே போதும்.

பாடசாலை மண்டபத்தில் போட்டிக்குப் பழகுகிறவருக்குத் தட்டை, திறந்தவெளித் திடலுக்கு உருண்டை. எதை எடுத்தாலும் ஒரே டப்பாவில் ஐந்தைந்தாக அடித்துப் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு, என்னுடையது விலை கூடினதைக் கண்டாலே முகம் சுளிக்கும்.