புவெனஸ் ஐரெஸ் டாக்சியில் பெரிய நோட்டை நீட்டாதீர்கள்

2019 மார்ச். ரொசாரியோவிலிருந்து வந்த பஸ் அர்ஜென்டினா தலைநகர் புவெனஸ் ஐரெஸின் ரெதிரோ நிலையத்தில் என்னை இறக்கிவிட்டபோது இரவு பதினொன்றரை. சுப்தே, அதாவது அந்த ஊர் மெட்ரோ, அதற்குள் மூடியாயிற்று. இல்லாவிட்டால் சி லைனில் ஏறி இந்தெபெந்தென்சியாவில் இறங்கியிருப்பேன். அங்கிருந்து சான் தெல்மோவில் என் விடுதிக்கு நடந்தே போய்விடலாம். நிலையத்து டாக்சி வரிசையைத் தேடுவதற்குள் ஒருவர் வந்து பெட்டியை வாங்கி, கறுப்பு மஞ்சள் டாக்சி ஒன்றின் டிக்கியில் வைத்துவிட்டார். சரி என்று ஏறிவிட்டேன்.

மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடியது. டிரைவர் கலகலப்பான ஆள், வழியெல்லாம் மெஸ்ஸி புராணம். விடுதி வாசலில் 140 பெசோ காட்டியது. என்னிடம் ஏடிஎம்மில் எடுத்த ஆயிரம் பெசோ நோட்டுகள். ஒன்றை நீட்டினேன். வாங்கியவர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்து, "ஃபால்சோ" என்று திருப்பிக் கொடுத்தார். கள்ள நோட்டாம். பதறிப்போய் இன்னொன்றைக் கொடுத்தேன். அதுவும் ஃபால்சோ. கடைசியில் பையைத் துழாவிச் சில்லறையாக 120 பெசோ தேற்றினேன். பரவாயில்லை என்று பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டார். நான் மன்னிப்பும் கேட்டு நன்றியும் சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

காலையில் விடுதி வரவேற்பில் இருந்த அம்மா இரண்டு நோட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் பேசாமல், ஓரத்தில் இருந்த வரிசை எண்ணை நகத்தால் தொட்டுக் காட்டினார். இரண்டிலும் ஒரே எண். என் நல்ல நோட்டுகள் ஸ்டியரிங்குக்குக் கீழேயே தங்கிவிட்டன. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50 டாலர்.

டாக்சி எண் என்ன என்று கேட்டார். டிரைவரின் படமும் எண்ணும் போட்ட அட்டை முன் சீட்டின் பின்புறத்தில் தொங்கும். கால் மணி நேரம் அது என் மூக்குக்கு நேரேதான் இருந்திருக்கிறது.

அங்கே போகிறவர்கள் டாக்சியில் ஏறியதும் அந்த அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறை இருந்தால் மட்டும் ஏறுங்கள். பெரிய நோட்டுதான் கொடுத்தாக வேண்டும் என்றால் தொகையை வாய்விட்டுச் சொல்லி, நோட்டின் வரிசை எண்ணில் கடைசி இலக்கங்களையும் அவர் காதில் விழும்படி படித்துவிட்டுக் கொடுங்கள். அப்புறம் சூபே கார்டு. கியோஸ்கோ என்கிற பெட்டிக்கடைகளில் கிடைக்கும். சுப்தே, பஸ் இரண்டுக்கும் அதே கார்டுதான். இரண்டு மணி நேரத்துக்குள் மாறி ஏறினால் இரண்டாவது பயணத்துக்குப் பாதிக் கட்டணம். சுப்தே மூடினாலும் பல பஸ்கள் இரவு முழுக்க ஓடுகின்றன. இது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது.

கார்டு வாங்கப் போன கடையில் மிச்சமிருந்த ஓர் ஆயிரத்தை நீட்டினேன். கடைக்காரர் அதை விளக்குக்கு நேரே உயர்த்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல நோட்டுதான்.