கலாத்தியாவா, பெப்பரோமியாவா?

எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், தூண் ஓரத்தில் வைக்க ஒரு சின்ன இலைச்செடி தேடினேன். நர்சரியில் கண்ணில் பட்டவை இரண்டு: தூரிகையால் கோடு போட்டது மாதிரி இலை கொண்ட கலாத்தியா, தடித்த பளபளப்பான இலை கொண்ட பெப்பரோமியா. இரண்டையும் வாங்கினேன். மூன்று வருடம் கழித்து இன்று தூண் ஓரத்தில் இருப்பது பெப்பரோமியா, நான்கு தொட்டிகளில்.

அழகு என்றால் கலாத்தியாதான். கூவைக்கிழங்கின் குடும்பம் அது. பொழுது சாய்ந்ததும் இலைகளைக் கூப்பிக்கொண்டு காலையில் விரிப்பதைப் பார்க்கவே தனி ஆசை. வெளிச்சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நேர் வெயில் படாமல் வளவிலிருந்து வரும் வெளிச்சம் இரண்டுக்கும் போதும். பூனை கடித்தாலும் இரண்டிலும் நஞ்சில்லை.

முடிவு செய்தது தண்ணீர்தான்.

கலாத்தியா அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் மரநிழலில் வளரும் செடி. மண்ணிலும் ஈரம் வேண்டும், காற்றிலும் ஈரம் வேண்டும். காரைக்குடியில் சித்திரை வெயில் 38, 40 டிகிரி என்று ஏறும்போது அதன் இலை ஓரம் அப்பளமாய்க் காய்ந்துவிடும். கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி மேலே தொட்டியை வைத்தேன். பெரிய பலன் இல்லை. வறண்ட காற்றில் சிலந்திப்பேன் வேறு வந்து இலைக்கடியில் மெல்லிய வலை பின்னியது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துத்தான் ஒழித்தேன்.

அப்புறம் தண்ணீரின் உப்பு. எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதே உப்பு தொட்டி மண்ணில் சேரச் சேர கலாத்தியாவின் இலை நுனி கருகியது. ஐப்பசி மழையில் வளவுக் கூரையிலிருந்து கொட்டுவதை அண்டாவில் பிடித்து ஊற்றிய மாதங்களில் புது இலைகள் சுத்தமாக வந்தன. மாசியில் அண்டா காலி. மறுபடி கருகல்.

பெப்பரோமியா மிளகு, வெற்றிலைக் குடும்பம். "இதென்னத்தா, வெத்தலை மாதிரில இருக்கு" என்று அப்பத்தா பார்த்ததுமே சொன்னார். சதைப்பற்றான இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு வாரக்கணக்கில் வெளியூர் போவது சகஜம். ஒருமுறை சென்னையில் 18 நாள் தங்கிவிட்டுத் திரும்பியபோது கலாத்தியா தரையில் சாய்ந்து கிடந்தது. பெப்பரோமியாவின் இலை கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றியதும் ஓரிரு நாளில் விறைத்துக்கொண்டது. அன்றைக்கே என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அதற்குத் தண்ணீர் குறைவதைவிட மிஞ்சுவதுதான் ஆபத்து. முதல் செடியை நம்மூர்ச் செம்மண்ணில் நட்டேன். மண் இறுகி, தண்ணீர் வடியாமல் வேர் அழுகிப் போனது. இப்போது தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, கொஞ்சம் உடைத்த ஓட்டுச் சில்லு. வேர் சிறியது என்பதால் 4 அங்குலத் தொட்டியே போதும். பெரிய தொட்டியில் ஈரம் தங்கிவிடும். இலையை விரலால் மெல்ல மடக்கிப் பார்ப்பேன். விறைப்பாக இருந்தால் ஊற்றமாட்டேன், வளைந்துகொடுத்தால் ஊற்றுவேன். கோடையில் எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை அப்படி வளைகிறது.

பதியன் போடுவதும் எளிது. ஆனால் வெளிர் விளிம்பு உள்ள ரகத்தில் இலையை மட்டும் நட்டால் வரும் குட்டி பெரும்பாலும் முழுப் பச்சையாகிவிடும். கணுவோடு தண்டை வெட்டி நட வேண்டும்.

நான் வளர்த்தது கலாத்தியாவில் ஒரே ஒரு ரகம்தான், மற்ற ரகங்கள் இதைவிடத் தாங்கலாம். வருடம் முழுக்க ஆள் இருக்கும் வீடு, கோடை வரை வரும் மழைத்தொட்டி, இரண்டும் இருப்பவர்கள் தைரியமாக அதையே வாங்கலாம். எங்கள் அண்டா மாசியைத் தாண்டாது.