ஒப்பந்தத்தை முறிக்கவும் ஒரு முறை உண்டு

பாலிடிக்ஸ் அண்ட் வார், சைபர் நேஷன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு நாட்டை நடத்தும் ஆன்லைன் விளையாட்டுகளில் நகரம் கட்டுவதும் படை வாங்குவதும் சில வாரத்தில் பழகிவிடும். வருடக்கணக்கில் ஆடினாலும் பலருக்குப் பிடிபடாதது, நம் கூட்டணி இன்னொரு ஆட்டக்காரர் கூட்டணியோடு போட்ட ஒப்பந்தத்தை மரியாதையாக முடிப்பது.

முதலில் ஒப்பந்த வாசகத்தை எடுத்துப் படிக்கணும். விலகல் காலம், அதாவது விலகுகிறோம் என்று சொன்னதிலிருந்து ஒப்பந்தம் முடியும்வரை உள்ள நேரம், பெரும்பாலும் 48 அல்லது 72 மணி நேரம் என்று இருக்கும். அந்த நேரம் ஓடி முடியும்வரை பாதுகாப்புப் பொறுப்பு உயிரோடுதான் இருக்கிறது. இடையில் அவர்களை யாராவது அடித்தால், எம்டிபி (ஒருவரையொருவர் கட்டாயம் காக்கும் ஒப்பந்தம்) போட்டவர் களத்தில் இறங்கித்தான் ஆகணும். "அதான் விலகுறோம்னு சொல்லிட்டோமே" என்பது செல்லாது. ஓடிபி (விருப்பப் பாதுகாப்பு ஒப்பந்தம்) என்றால் உதவுவது நம் விருப்பம், அவ்வளவுதான்.

நேரக் கணக்கில்தான் நம் ஊர்ப் பையன்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பாலிடிக்ஸ் அண்ட் வார் சர்வர் ஓடுவது யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில். நமக்கு ஐந்தரை மணி நேரம் முந்தி. பாளையங்கோட்டையில் செவ்வாய் இரவு 9:30-க்குப் போட்ட அறிவிப்பு சர்வரில் செவ்வாய் 16:00. 72 மணி நேரம் முடிவது வெள்ளி இரவு நம் 9:30-க்கு. "மூணு நாள்" என்று எழுதாமல் மணியைப் போட்டு எழுதுங்கள்.

பாலிடிக்ஸ் அண்ட் வாரில் நாள் மாறும் நேரத்தையும் கவனிக்கணும். ஒரு நாளைக்கு இவ்வளவு படைதான் வாங்கலாம் என்ற வரம்பு அப்போது புதுப்பிக்கப்படும். அதனால் மாற்றத்துக்குச் சற்று முன்னும் பின்னும் இரண்டு முறை படை வாங்கி அடிப்பது வழக்கமான உத்தி. விலகல் காலம் சரியாக அந்த நேரத்தில் முடிகிற மாதிரி அறிவிப்பு போட்டால், தாக்கப்போகிறவர்களுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். அந்தப் பேர் எளிதில் போகாது.

அவர்கள் போரில் இருக்கும்போது முறிக்கவே கூடாது. பாலிடிக்ஸ் அண்ட் வாரில் ஒரு போர் அதிகபட்சம் 60 டர்ன். டர்னுக்கு 2 மணி நேரம், மொத்தம் 5 நாள். பெரிய போர் என்றால் சுற்றுமேல் சுற்றாக நீளும். சமாதானம் கையெழுத்தாகும்வரை பொறுக்கணும்.

செய்தி அவர்கள் காதில் முதலில் நம் வாயிலிருந்து விழணும். கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் சம்பந்தி வீட்டில் போய்ச் சொல்கிறோமே, அதே முறைதான். முதலில் அவர்கள் தலைவருக்கும் வெளியுறவு பார்ப்பவருக்கும் தனியாகச் சொல்லணும். பொது அறிவிப்பு கடைசியில்தான். இங்கே ஒரே ஹாஸ்டலில் நாலு பேர் நாலு கூட்டணியில் இருப்பான். வாட்ஸ்அப்பில் ஒருத்தன், "ஏல, நாளைக்கு உங்ககூட இருக்க ஒப்பந்தத்த முறிக்கப் போறாவ" என்று தட்டிவிட்டால் முடிந்தது. அப்புறம் எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது துரோகமாகத்தான் தெரியும். முடிவெடுத்த பிறகு ஒரு நாளுக்குமேல் உள்ளே வைத்திருக்காதீர்கள்.

அறிவிப்பு சுருக்கமாக இருக்கட்டும்: "சர்வர் நேரம் செவ்வாய் 16:00 முதல் நம் எம்டிபி-யின் 72 மணி நேர விலகல் காலம் தொடங்குகிறது. வெள்ளி 16:00 வரை பாதுகாப்புப் பொறுப்பை நிறைவேற்றுவோம். இதுவரை உடன் நின்றதற்கு நன்றி." இது போதும். காரணத்தைப் பொதுவில் அடுக்கினால் பதிலுக்குப் பதில் என்று சண்டையில் முடியும். காரணம் தனிப்பேச்சில் சொல்லவேண்டியது. அங்கேயும் "பாத்துக்கலாம்" என்று இழுக்காதீர்கள். மனம் மாறிவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

நம் பாதுகாப்பில் இருக்கும் சின்னக் கூட்டணியைக் கைவிடுவதாக இருந்தால் 72 மணி நேரம் பத்தாது. பாதுகாவலர் பெயர் நீங்கியதும் கொள்ளையடிப்பவர்கள் வந்துவிடுவார்கள். வேறு பாதுகாவலர் கிடைக்கும்வரை, குறைந்தது இரண்டு வாரமாவது, பெயரை விட்டுவையுங்கள்.

விலகல் காலத்துக்குள்ளேயே கணக்கைத் தீர்த்துவிடணும். மொய் நோட்டு மாதிரி, யார் யாருக்கு எவ்வளவு பணம், எவ்வளவு ஸ்டீல், எவ்வளவு அலுமினியம் என்று இருவரும் சரிபார்த்து அனுப்பணும். ஒரே ஆஃப்ஷோர் பேங்கில் (எதிரி கைக்கு எட்டாமல் சரக்கை ஒதுக்கிவைக்கும் தனிக் கூட்டணி) இரு தரப்புச் சரக்கும் கிடந்தால் அதைப் பிரிப்பதுதான் முதல் வேலை. பகிர்ந்த ஷீட், பாட் அனுமதி, டிஸ்கார்ட் ரோல் எல்லாவற்றையும் நாமே கேட்டு எடுக்கச் சொல்லணும். பழைய உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் மூன்றாமவர் கைக்குப் போகவே கூடாது. விளையாட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒப்பந்தக் குறியை நேரம் முடிந்த பிறகுதான் நீக்கணும். டிஸ்கார்டில் இரு கூட்டணியும் பேசிக்கொள்ளும் தூதரகச் சேனலை மட்டும் மூடவேண்டாம். அடுத்த போரில் சமாதானம் பேச அந்த ஒரு வழிதான் இருக்கும்.