ஹம்மிங்பேர்ட் ஃபீடர் வாங்கும் முன் அடித்தட்டு கழலுமா என்று பாருங்கள்

கலிபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் இருக்கும் நம் ஆட்கள் பலர், ஹம்மிங்பேர்ட் என்ற குட்டிப் பறவை வந்து குடிக்கச் சீனித்தண்ணீர் ஊற்றிவைக்கும் ஃபீடரைத் தோட்டத்தில் மாட்டுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஆன்லைனில் "ஸ்டார்ட்டர் செட்" என்று ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கையால் ஊதிச் செய்த கண்ணாடிக் குப்பி, கீழே சிவப்புத் தட்டு, கூடவே ஒரு பாட்டில் சிவப்பு நெக்டார், அதாவது அந்தச் சீனித்தண்ணீர். ஃபீடர் 45 டாலர், நெக்டார் 14. ஃப்ரீமான்ட்டில் எங்கள் டெக்கில் மாட்டுவதற்கு நான் வாங்கியது அதைத்தான். நீங்கள் வாங்காதீர்கள்.

எல்லாப் பாகத்தையும் கழற்றிக் கழுவலாம், சொட்டவே சொட்டாது, நெக்டார் ஒரு மாதம் கெடாது என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். முதல் நாளே சொட்ட ஆரம்பித்தது. இது குப்பியைக் கவிழ்த்து மாட்டும் வகை. மேலே காற்றுப் புகாமல் இருந்தால்தான் உள்ளே இருப்பது கீழே இறங்காமல் நிற்கும். இதில் போட்டிருந்த ரப்பர் வளையம் காகிதம் மாதிரி மெல்லிசு. மூடியின் மரையும் சரியாக உட்காரவில்லை. வெயில் பட்டால் குப்பிக்குள் இருக்கும் காற்று விரிந்து நெக்டாரை வெளியே தள்ளும் என்பதால் நிழலுக்கு மாற்றினேன். அப்போதும் நிற்கவில்லை. பலகை முழுக்கப் பிசுபிசு. முதலில் எறும்பு, அப்புறம் தேனீ, அதற்கப்புறம் குளவி. குழந்தைகளை டெக் பக்கம் விட முடியவில்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தட்டுதான் உண்மையான மோசடி. அதில் பிளாஸ்டிக் பூக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. படத்தில் பூக்களைத் தனித்தனியாகக் கழற்றிக் காட்டியிருந்தார்கள். என் கைக்கு வந்ததில் எல்லாமே பசை போட்டு ஒட்டியிருந்தது. தட்டே மேல் பாதியும் கீழ் பாதியும் சேர்த்து ஒட்டியதுதான், திறக்க வழியில்லை. எந்த பிரஷும் உள்ளே போகாது. ஒரு வாரம் ஆவதற்குள் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், ஒட்டிய விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு. பல்குச்சியை விட்டுச் சுரண்டினால் வழவழவென்று கறுப்பாக வந்தது. வெந்நீரும் வினிகரும் ஊற்றி ஊறவைத்துக் குலுக்கினேன். பூஞ்சை பாதிதான் போனது. பூவின் மேல் பூசியிருந்த சிவப்பு மட்டும் நன்றாக உரிந்து வந்தது.

அந்தத் துளைக்குள்தான் பறவை நாக்கை விட்டுக் குடிக்கிறது. எங்கள் பக்கம் அதிகம் வருவது அன்னா ஹம்மிங்பேர்ட். எடை சுமார் 4 கிராம், ஒரு நிக்கல் (அமெரிக்க ஐந்து சென்ட்) காசைவிடக் குறைவு. குளிர்காலத்திலும் இது இங்கேயேதான் இருக்கும். அதனால் வருடம் பூராவும் அந்தத் தட்டிலிருந்தே குடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது அந்தச் சிவப்பு பாட்டில். பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது தண்ணீர், சீனி, ரெட் 40 சாயம், கெடாமலிருக்க ஒரு ரசாயனம். முன்பக்கம் பெரிய எழுத்தில் வைட்டமின், எலக்ட்ரோலைட். ஃபீடரில் சிவப்புப் பாகம் இருந்தாலே பறவை தேடி வந்துவிடும், நெக்டாரில் சாயம் வேண்டாம் என்று ஆடுபான் போன்ற பறவை அமைப்புகளே சொல்கின்றன. பறவை சத்துக்காகக் குட்டிப் பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்கிறது. நாம் வைட்டமின் ஊட்ட வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டில் செய்வது டீ போடுவதைவிட சுலபம். ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நான்கு பங்கு தண்ணீர். கால் கப் சீனி என்றால் ஒரு கப் தண்ணீர். சுடுதண்ணீரில் கரைத்து, நன்றாக ஆறியதும் ஊற்ற வேண்டியதுதான். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, "ஏன்டி வெறும் சீனி? தேன் ஊத்தேன், இல்ல கொஞ்சம் வெல்லமாவது போடேன்" என்றாள். ரெண்டும் கூடாதும்மா என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. தேனைத் தண்ணீரில் கரைத்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். வெல்லம், நாட்டுச் சர்க்கரையில் இரும்புச்சத்து இருக்கிறது. நமக்கு நல்லது, இந்தப் பறவைக்கு ஆகாது. டயட் சர்க்கரையில் பறவைக்கு வேண்டிய தெம்பே இல்லை.

ஒரு மாதம் கழுவாமல் விடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பழையதைக் கொட்டிவிட்டு, வெந்நீரில் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். குளிர் நாட்களில் நான்கைந்து நாள் தாங்கும். கலங்கியிருந்தால் கணக்குப் பார்க்காமல் உடனே கொட்டுங்கள். இவ்வளவு அடிக்கடி கழுவ வேண்டிய சாமானை ஒட்டி விற்கிறார்கள் என்றால் அதை என்னவென்று சொல்வது?

இப்போது நான் வைத்திருப்பது தட்டு மாதிரி அகலமான வகை. துளைகள் மேல் மூடியில் இருக்கின்றன, நெக்டார் அதற்குக் கீழே நிற்கிறது, அதனால் சொட்டுவதில்லை. மூடியைத் தூக்கினால் இரண்டே துண்டு. நடுவில் தண்ணீர் ஊற்றிவைக்க ஒரு குழி, எறும்பு அதைத் தாண்டாது. கம்பியில் எண்ணெயோ வாஸ்லினோ தடவச் சொல்வார்கள், செய்யாதீர்கள், இறகில் ஒட்டினால் பறவைக்குக் கஷ்டம். மஞ்சள் பூ வைத்த ஃபீடரையும் தவிர்த்துவிடுங்கள். தேனீக்கு மஞ்சள் பிடிக்கும்.

விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். உங்கள் ஊர்த் தண்ணீர் சரியில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினால், உபயோகித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லையாம். "ஒரு வருட கியாரண்டி" என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதே என்று கேட்டதற்கு, அது கண்ணாடி உடைந்தால் மட்டும்தான் என்றார்கள். அதற்குள் விற்பனைப் பக்கத்தில் "எல்லாப் பாகமும் கழலும்" என்ற வரியைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டார்கள். நல்லவேளை, ஆர்டர் போட்ட அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன். அதையும் தட்டின் படங்களையும் சேர்த்து கிரெடிட் கார்டு கம்பெனியில் பணத்தைத் திரும்பக் கேட்டு டிஸ்ப்யூட் போட்டேன், விவரித்தபடி பொருள் இல்லை என்று. ஃபீடரின் 45 டாலர் திரும்ப வந்தது. நெக்டார் திறந்த பாட்டில் என்பதால் அந்த 14 டாலரைத் தரமாட்டேன் என்றுவிட்டார்கள்.