பொறுத்துப்போகும் டிரைவரா, திருகிச் சரிசெய்யும் டிரைவரா?

கோல்ஃபில் பந்தை அதிக தூரம் அனுப்பும் நீண்ட கிளப்பான டிரைவரை வாங்கப் போனால் கடையில் முதலில் தூரத்தைத்தான் காட்டுவார்கள். திரையில் ஒரு எண் ஏறும், மனமும் ஏறும், பணப்பை இறங்கும். வார இறுதியில் மட்டும் ஆடுகிறவருக்கு உண்மையில் வேண்டியது வேறு. ஒரு பந்து இடப்பக்க மரங்களுக்குள்ளும் அடுத்த பந்து வலப்பக்கக் குட்டைக்குள்ளும் போகாமல், பத்தில் ஏழு பந்தாவது ஒரே மாதிரி பறக்க வேண்டும். அந்தக் கண்ணோடு 2024-இல் வந்த இரண்டு டிரைவர்களை இங்கே எதிரெதிரே வைக்கிறேன்: பிங் ஜி430 மேக்ஸ் 10கே, டைட்லிஸ்ட் ஜிடி3. இரண்டுமே விதி அனுமதிக்கும் உச்ச அளவான 460 கன சென்டிமீட்டர் தலை கொண்டவை. ஆனால் இரண்டின் எண்ணமும் நேரெதிர்.

10கே என்பதன் கணக்கு இது. பள்ளி இயற்பியலில் படித்த நிலைமத் திருப்புத்திறன்தான். கிளப் தலை முறுகாமல் தாங்கும் அளவு. கிடைமட்டமாக முறுகுவது ஒன்று, மேல் கீழாக முறுகுவது இன்னொன்று. இந்த இரண்டு அச்சுகளின் அளவையும் கூட்டினால் 10,000-ஐத் தாண்டுகிறது என்பதுதான் அந்தப் பெயர். விளம்பரத்தைப் பார்த்து ஏதோ விதியையே மீறிய வித்தை என்று நினைக்க வேண்டாம். கோல்ஃப் விதிகளை வகுக்கும் யு.எஸ்.ஜி.ஏ.யும் ஆர் அண்ட் ஏ.யும் கட்டுப்படுத்துவது முதல் அச்சை மட்டும்தான். அதற்கு 5,900 எல்லை, கூடவே 100 சலுகை. மற்ற அச்சுக்கு வரம்பில்லை.

கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடி நீண்ட கழியைக் குறுக்கே பிடிப்பது எதற்காகவோ, அதற்காகவேதான் பிங் 28 கிராம் எடையைத் தலையின் பின்கோடியில் வைத்திருக்கிறது. எடை மையத்திலிருந்து விலகி இருந்தால் தலை எளிதில் முறுகாது. பந்து, அதை அடிக்கும் பரப்பான முகப்பின் நடுவிலிருந்து விலகிப் பட்டாலும் வேகமும் திசையும் அதிகம் கெடுவதில்லை. இந்த எடையை நகர்த்த முடியாது. தலையும் தண்டும் இணையும் கழுத்தில் இருக்கும் எட்டு நிலைச் சுழல்வளையம் மட்டும்தான் உங்கள் கைக்கு விடப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இந்தத் தலை மன்னிப்பது பந்து பட்ட இடத்தைத்தான். முகப்பு பார்த்த திசையை அல்ல. டிரைவர் அடியில் பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் முகப்பின் திசையே தீர்மானிக்கிறது. அது எவ்வளவு வளைகிறது என்பது முகப்புக்கும் கிளப் வந்த பாதைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியிலிருந்து உள்ளே இழுத்து, முகப்பைத் திறந்து வைத்து அடிக்கிறவருக்கு 10கே கையில் இருந்தாலும் ஸ்லைஸ் (வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்புறம் வளைந்தோடுவது) ஸ்லைஸ்தான்.

ஜிடி3 வேறு வழியில் போகிறது. அதன் அடிப்பாகத்தில், முகப்பை ஒட்டி, ஒரு சிறு தடம். அதில் ஓர் எடை ஐந்து நிலைகளில் நகரும். தண்டான ஷாஃப்ட் இணையும் ஹீல் பக்கம் இரண்டு, வெளிநுனியான டோ பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று. இந்த நகர்வு உண்மையில் எவ்வளவு செய்யும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். டிரைவர் தலை ஏறத்தாழ 200 கிராம். அதில் 10 கிராம் எடையை 5 சென்டிமீட்டர் நகர்த்தினால் ஈர்ப்பு மையம் நகர்வது இரண்டரை மில்லிமீட்டர்தான். சராசரி ஆட்டக்காரரின் அடிகள் முகப்பில் சிதறும் பரப்போ இரண்டு மூன்று சென்டிமீட்டர். சிதறலை இரண்டரை மில்லிமீட்டர் குணப்படுத்தாது.

அப்படியானால் தடம் வீணா? அதுவும் இல்லை. சிலருடைய அடிகள் சிதறுவதில்லை; எல்லாம் ஒரே இடத்தில் விழும், ஆனால் அந்த இடம் நடுவில் இல்லை. அவர்களுக்கு ஜிடி3 தைத்த சட்டைபோல் பொருந்தும். நீங்கள் எந்த வகை என்று அறிய இயந்திரம் தேவையில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் பாதத்துக்கான பவுடர் ஸ்ப்ரேயை முகப்பில் ஒரு முறை மெல்லியதாக அடியுங்கள். வெள்ளைப் படலம் காய்ந்ததும் ஒரு பந்து அடித்தால், பந்தின் குழிகள்கூடத் தெரியும்படி வட்டமான அடையாளம் பதியும். அதைத் தாளில் குறித்துவிட்டு, துடைத்து, மறுபடி அடியுங்கள். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் தாளில் சேர்ந்ததும் பதில் கண்ணெதிரே இருக்கும். புள்ளிகள் ஹீல் பக்கம் கொத்தாக இருந்தால் எடையையும் ஹீல் பக்கம் நகர்த்துங்கள். ஹீலில் பட்ட பந்துக்குத் தலை முறுகும்போது வலப்புறம் வளையும் சுழற்சி ஏறுகிறது (நான் சொல்வது வலக்கை ஆட்டக்காரருக்கு). ஈர்ப்பு மையம் அங்கே நெருங்கினால் அது குறைகிறது. டோ பக்கக் கொத்துக்கு இதன் மறுதலை. புள்ளிகள் முகப்பு முழுக்கத் தெளித்த மாதிரி இருந்தால் தடத்தை மறந்துவிட்டு 10கே பக்கம் வாருங்கள்.

அதிகம் பேர் குழம்புவது கழுத்துத் திருகலில்தான். பிங் வளையத்தில் லாஃப்ட், அதாவது முகப்பு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், ஒன்றரை டிகிரி வரை ஏறும், இறங்கும். சில நிலைகளில் கிளப் தட்டையாகவும் அமரும். லாஃப்டைத் தொட்டால் முகப்பு பார்க்கும் திசையும் கூடவே நகரும். டைட்லிஸ்டின் ஷ்யூர்ஃபிட் கழுத்தில் வளையமும் ஷாஃப்ட் நுனியின் உறையும் தனித்தனி. 16 சேர்க்கைகள், லாஃப்டையும், ஷாஃப்ட் தரையோடு அமையும் கோணமான லையையும் தனித்தனியே மாற்றலாம். எழுத்தில் பார்த்தால் டைட்லிஸ்டுக்கே வெற்றி. ஆனால் 16 கதவுள்ள வீட்டில் ஒவ்வொரு வாரமும் வேறு கதவைத் திறந்து பார்க்கிற குணம் நமக்கு உண்டு. மோசமான ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், திங்களன்று கழுத்தைத் திருகும் சாவி கைக்கு வந்துவிடும். ஏ1 என்ற அடிப்படை நிலையில் தொடங்கி, ஒரு மாற்றத்தைச் சில வாரங்களாவது விட்டுவைக்கும் பொறுமை இருப்பவருக்குத்தான் அந்த 16 பயன்படும்.

எந்தக் கழுத்தானாலும் அடிப்படை ஒன்றே: லாஃப்டை ஏற்றினால் கிளப்பைத் தரையில் வைக்கும்போது முகப்பு மூடிப் பார்க்கும், இறக்கினால் திறந்து பார்க்கும். ஸ்லைஸ் அடிக்கிறவர் "பந்து மிக உயரமாகப் போகிறது" என்று லாஃப்டை இறக்குவார். முகப்பு இன்னும் திறக்கும், சரிந்த அச்சில் சுழலும் பந்து இன்னும் வலப்புறம் ஓடும். அவர் செய்ய வேண்டியது நேரெதிர். லாஃப்ட் கூடினால் அதே அளவு பிழைக்குப் பந்தின் சுழல் அச்சு குறைவாகவே சரியும். 10கே 9, 10.5, 12 டிகிரிகளில் கிடைக்கிறது. 9 வாங்கி ஏற்றித் திருகுவதைவிட 10.5 வாங்கி அப்படியே விடுவது நல்லது.

தொழில்முறைப் போட்டிகளான பிஜிஏ தொடரில் ஆடும் ஆண்களின் எண்களை நம்முடையவற்றோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அவர்களின் கிளப் வேகம் சராசரியாக மணிக்கு 115 மைலை ஒட்டியது. பெண்களின் தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏவில் ஆடுகிறவர்களின் வேகம் 95 மைலை ஒட்டியது. அவர்கள் பந்தைச் சற்று மேல்நோக்கி அடித்து, ஆண்களைவிட இரண்டு டிகிரி போல உயரமாகக் கிளப்புகிறார்கள். நம் வார இறுதி ஆட்டக்காரர்களில் பலருக்கு அந்தப் பெண்களே சரியான ஆசிரியர்கள். இதை ஏற்க ஆண்களுக்குத்தான் கஷ்டம்.

மூன்றாவதாக, காசு செலவில்லாத ஒரு போட்டியாளர் இருக்கிறார்: கிளப்பின் நீளம். விதிப்படி 48 அங்குலம் வரை செல்லும். 2022 முதல் உயர்மட்டப் போட்டிகளில் 46 என்று உள்விதி போடலாம். நீளம் கூடினால் வேகம் கூடும், முகப்பின் நடுவில் படுவது குறையும். கடைக்குப் போகுமுன், இருக்கிற டிரைவரையே ஒரு அங்குலம் கீழே பிடித்து அதே பவுடர் சோதனையைச் செய்து பாருங்கள். புள்ளிகள் நெருங்கி வந்தால் புதிய தலையே தேவைப்படாமல் போகலாம். ஷாஃப்டை வெட்டிவிடலாம் என்றால் ஒரு எச்சரிக்கை: வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தோன்றும் என்பதைக் காட்டும் ஸ்விங்வெயிட், அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆறு புள்ளிகள் குறையும், தலை காற்றாகத் தோன்றும். ஈய நாடா பத்துப் பன்னிரண்டு கிராம் ஒட்டினால் பழைய உணர்வு திரும்பும்.

சோதிக்கும் இடமும் முக்கியம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று மெலிது, பந்து கூடுதல் தூரம் போகும், வளைவும் குறையும். கோடையில் அங்கே டிரைவரைச் சரிசெய்துவிட்டு, ஸ்லைஸ் ஒழிந்தது என்று மகிழ்ந்து சென்னைக்கு இறங்கினால், கிண்டியின் கனத்த காற்று உண்மையைச் சொல்லிவிடும். நீங்கள் அடிக்கடி ஆடும் மைதானத்தின் உயரத்திலேயே அமைப்பை முடிவு செய்யுங்கள்.

சாவியை ஆட்டத்தின் நடுவே எடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சுற்று தொடங்கிய பிறகு அமைப்பை மாற்றி, அந்தக் கிளப்பால் ஒரு அடி அடித்துவிட்டால் போட்டியிலிருந்தே தகுதிநீக்கம். மாற்றினாலும் அடிக்குமுன் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் தண்டனை இல்லை.

என் தேர்வு 10கே, 10.5 டிகிரி, திருகாமல். வேகமாக அடிக்கிறவர், பந்தைக் கீழ்நோக்கி அறைகிறவர் என்றால் பின்கோடி எடை பின்சுழற்சியைக் கூட்டி, பந்து மேலே எழும்பித் தொய்ந்துவிடும். அவருக்கும், புள்ளிகள் கொத்தாக விழுகிறவருக்கும் ஜிடி3. 2025-இல் ஜி440 வந்துவிட்டதால் பழைய ஜி430 வரிசையை இரண்டாம் கையாகத் தேடலாம். வாங்கும்போது முகப்பில் நூலிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஷாஃப்டின் நுனியில் உள்ள உறை அதே நிறுவனத்துடையதா என்றும் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் உறை இன்னொன்றின் தலையில் பொருந்தாது. சாவியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.