பழைய சீக்கோ டைவர் தேடுகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று மாலைதான் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். இன்னும் என் கோபம் அடங்கவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. 14 மாதச் சேமிப்பு. மாதம் பிறந்ததும் முதல் வேலையாகத் தனியே எடுத்துவைத்து, எந்த அவசரத்துக்கும் கைவைக்காமல் பாதுகாத்த பணம், மொத்தமாகப் போய்விட்டது. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தேடியது சீக்கோ எஸ்கேஎக்ஸ்007. வாட்ச் பித்து உள்ளவர்களுக்கு இந்தப் பெயரே போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 1996-இல் வந்த, தண்ணீரில் மூழ்குகிறவர்களுக்கான டைவர் வாட்ச், 200 மீட்டர் நீர்த்தாங்கும் திறன், 4 மணி இடத்தில் திருகி மூடும் கிரவுன் (நேரம் வைக்கும் குமிழ்), உள்ளே உராய்வைக் குறைக்கும் 21 கற்கள் கொண்ட 7எஸ்26 மெஷின். 2019-இல் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு அதே முகச்சாயலில் புது சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசை வந்தது. மெஷினைப் பொறுத்தவரை புதியதுதான் ஒரு படி மேல். அதிலிருக்கும் 4ஆர்36-க்குக் கையால் சாவி கொடுக்கலாம். நேரம் வைக்கக் கிரவுனை இழுத்தால் நொடிமுள் நிற்கும். ஆனால் நீர்த்தாங்கும் திறன் 100 மீட்டர்தான், திருகி மூடும் கிரவுனும் போய்விட்டது. 2022-இல் இன்னொரு நாட்டு நேரத்தையும் காட்டும் ஜிஎம்டி வந்தது, 2023-இல் 38 மில்லிமீட்டர் அளவில் சின்னது வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் ஆசையாகப் பார்த்தேன், கடைசியில் மனசு பழையதுக்கே திரும்பியது. கிரவுனைத் திருகி இறுக்கும்போது விரலில் தெரியும் அந்தப் பிடிமானம் இல்லாத வாட்சை டைவர் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வாங்கிய இடத்தின் பெயரை எழுதவில்லை. தனியாட்கள் தங்கள் வாட்ச்களை வாங்கி விற்கும் இணையச் சந்தை, அவ்வளவுதான். அதில் ஒரு விளம்பரம்: ‘எஸ்கேஎக்ஸ்007, 2019-இல் தயாரான கடைசி லாட், கையில் கட்டியதே இல்லை, பின்மூடியில் ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.’ படங்கள் பளிச்சென்று இருந்தன. டயல், அதைச் சுற்றியுள்ள பெசல் வளையம், பின்மூடியில் சீக்கோவின் அலை முத்திரை, அதைச் சுற்றி எழுத்துகள், சீரியல் நம்பர். எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

விற்றவனிடம் மூன்று ராத்திரி பேசினேன். இந்த இடம்தான் இப்போதும் நெஞ்சில் குத்துகிறது. அவன் ஒரு தடவைகூட வாங்கச் சொல்லி அவசரப்படுத்தவில்லை. “பிரதர், உங்க மணிக்கட்டு சுற்றளவு எவ்வளவு?” என்று கேட்டான். ஆறரை அங்குலம் என்றேன். “அப்போ பயப்படாதீங்க. இது பார்க்கத்தான் பெரிசு, ஸ்ட்ராப் மாட்டுற காதிலிருந்து எதிர்க் காதுக்கு 46 மில்லிமீட்டர்தான், கைக்கு வெளியே நீட்டாது” என்றான். கூடவே, “உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம், இது போற இடத்தில் நல்லா இருக்கணும்” என்றும் சொன்னான். ஏமாற்றுகிறவன் மணிக்கட்டு அளவைக் கேட்பானா? நம்மைப் போல வாட்சை நேசிக்கிற ஒருத்தன் என்று நினைத்தேன். நம்பிவிட்டேன்.

அப்புறம்தான் பணப் பேச்சு. சந்தை மூலமாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள், நேரே அனுப்பினால் அதை விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்றான். எனக்கு மிச்சமானது ஒரு நல்ல ஸ்ட்ராப் வாங்கும் காசு. அதற்கு ஆசைப்பட்டு 14 மாதச் சேமிப்பை ஒரே தடவையில் அவன் கணக்குக்கு அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. பெட்டி, ஸ்டிக்கர், எல்லாம் சரி. கையில் வாங்கியதும் ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நேரம் வைக்கலாம் என்று கிரவுனைத் திருகித் திறந்து, இரண்டாவது நிலைக்கு இழுத்தேன்.

நொடிமுள் நின்றுவிட்டது.

வயிற்றில் என்னவோ செய்தது. 7எஸ்26-இல் நொடிமுள் நிற்காது. கிரவுனை இழுத்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த மெஷினின் அடையாளமே அதுதான். உள்ளே தள்ளினேன், ஓடியது. மறுபடி இழுத்தேன், நின்றது. பிறகு இழுக்காமல், திறந்த நிலையிலேயே கிரவுனை மேல்நோக்கிச் சுற்றினேன். விரல் நுனியில் கரகரவென்று சுருள் இறுகுவது தெரிந்தது. 7எஸ்26-க்குக் கையால் சாவியே கொடுக்க முடியாது. கையை ஆட்டினால்தான் ஏறும். விளக்கை அணைத்துப் பார்த்தேன். சீக்கோ டைவர் என்றால் ராத்திரி முழுக்க டயல் தெரியும். இதில் பத்து நிமிடத்தில் புள்ளிகள் மங்கி, இருபதாவது நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை.

அப்போதுதான் பின்மூடியை மறுபடி பார்த்தேன். சீரியல் நம்பர் 63 என்று தொடங்குகிறது. சீக்கோவில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அப்படியென்றால் 6-இல் முடியும் ஓர் ஆண்டின் மார்ச் மாதம். 2006 ஆகலாம், 2016 ஆகலாம். எப்படிப் பார்த்தாலும் 2019 ஆகாது! இந்தக் கணக்கு எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அதே எண்ணை விளம்பரப் படத்திலேயே பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். எண்ணைப் பார்த்தேன், கணக்குப் போடவில்லை.

உடனே அவனுக்கு எழுதினேன். முதல் பதில்: “நல்லா ஓடுதா இல்லையா பிரதர்?” இரண்டாவது: “முன்னாடி வச்சிருந்தவர் சர்வீஸ் பண்ணும்போது மாத்தியிருப்பார்.” கையில் கட்டியதே இல்லை என்று சொன்ன வாட்சுக்கு எங்கிருந்து வந்தது சர்வீஸ்? கேட்டேன். மூன்றாவது பதில்: “உங்களுக்கு லாபம்தானே, இதைவிட நல்ல மெஷின் போட்டிருக்கு.” அடுத்த நாள், பின்மூடியைத் திறந்து படம் அனுப்பினால் பேசலாம் என்றான்.

அதற்காகத்தான் பெரியவரிடம் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வாட்சை என் பக்கம் திருப்பி, “தம்பி, இதில் இந்த மூடி மட்டும்தான் பழசு” என்றார். உள்ளே என்எச்36 என்று பொறித்திருந்தது. அது 4ஆர்36-இன் சகோதர மெஷின், உதிரியாகவே விலைக்குக் கிடைக்கும். கேஸ், அதாவது வாட்சின் உடல், வேறு யாரோ செய்தது. டயல் போலி. பின்மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லவே இல்லை. “டைவர்னு எழுதியிருக்கேன்னு தண்ணியில இறக்கிடாதீங்க. கை கழுவினாலே உள்ளே போயிடும்” என்றார். பழைய மூடி ஒன்றை எங்கோ பிடித்து, அதைச் சுற்றி ஒரு வாட்சையே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

படம் அனுப்பினேன். “நீங்களே திறந்துட்டீங்க, இனி நான் பொறுப்பில்லை” என்று பதில் வந்தது. திறக்கச் சொன்னவனே அவன்! அதோடு என்னை பிளாக் செய்துவிட்டான்.

சந்தைக்காரர்களிடம் புகார் கொடுத்தேன். ‘உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம், பொறுமைக்கு நன்றி’ என்று மூன்று முறை ஒரே வாசகம், மூன்று வெவ்வேறு பெயர்களில் வந்தது. நான்காவது முறை ஒரு மனிதர் எழுதினார்: பணம் எங்கள் மூலமாகக் கட்டப்படவில்லை, ஆகவே நாங்கள் தலையிட முடியாது. சரி, பணத்தை விடுங்கள், அந்த விளம்பரத்தையாவது எடுங்கள் என்று கேட்டேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். வங்கியிலோ நானே விரும்பி அனுப்பிய பணம் என்று கைவிரித்துவிட்டார்கள். 14 மாதச் சேமிப்பை இழந்தவனுக்குக் கிடைத்தது ஒரு புகார் எண்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாட்சைப் பிரித்து மெஷின் மாற்றுவது, டயல் மாற்றுவது எதுவும் தப்பில்லை. எஸ்கேஎக்ஸ்007 அளவுக்கு அப்படி மாற்றி அழகு பார்க்கப்பட்ட வாட்ச்கள் குறைவு. நானும் ரசித்திருக்கிறேன். ‘மாற்றியது, உள்ளே என்எச்36’ என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். உதிரிகளை ஒட்டிவைத்து, கட்டாத பழசு என்று விற்பது திருட்டு.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முன்னே வருகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வாட்ச் ஓடுகிற வீடியோ போதாது, கிரவுனை இழுக்கிற வீடியோ கேளுங்கள். 7எஸ்26 என்று சொல்லி நொடிமுள் நின்றால் அங்கேயே விலகிவிடுங்கள். சீரியலின் முதல் இரண்டு இலக்கத்தை விற்பவர் சொல்லும் ஆண்டோடு ஒப்பிடுங்கள். பின்மூடி திறந்த படம் பணத்துக்கு முன்பு வர வேண்டும், பிறகு அல்ல. கமிஷன் மிச்சம் என்று நேரே பணம் கேட்டால் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

இதை எழுதும் இந்த நேரத்தில் அந்த விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. வேறு பெயர், அதே படங்கள், பின்மூடியில் அதே 63. கீழே ‘2 பேர் விசாரித்திருக்கிறார்கள்’ என்று காட்டுகிறது. அந்த இரண்டு பேரில் நீங்கள் ஒருவராக இருந்தால், தயவுசெய்து இன்றைக்குப் பணம் அனுப்பாதீர்கள். கிரவுனை இழுத்து ஒரு வீடியோ போடச் சொல்லுங்கள்.